மூசாங்னு சொல்லித்தான் கொடுத்தான்

— சாவியக் கொடுங்க.

— எந்தச் சாவி?

— அந்தோணிதாஸ் ஐயா இடுப்புல தொங்குதே, அந்தச் சாவி.

— நீ எதுக்கு மவுரீன் இந்த வெயில்ல இங்க வந்த? கிராணி வீட்டுல உனக்கு என்ன வேலை?

— அதையேதான் நானும் கேக்கறேன். கிராணியே இல்லாத கிராணி வீட்டுல உங்களுக்கு என்ன வேலை? தோட்டத்துக் கணக்கு எழுதுன ஆளு போயி ரெண்டு வருசமாச்சு. ஏர்கோன் மட்டும் ராவும் பகலும் ஓடுது.

— மேனேஜர் சொன்னாரு லா. பூட்டியே கெடந்தா செவுரு பூஞ்சை புடிச்சிடுமாம்.

— ஓகோ. செவுத்துக்கு வேர்க்குதாக்கும்.

— மெதுவாப் பேசு.

— ஏன்? உள்ள யாரு தூங்கறா?

— யாரும் இல்ல!

— யாருமே இல்லாத வீட்டுக்கு முன்னால நான் ஏன் மெதுவாப் பேசணும்?

— சரி... நீ வீட்டுக்குப் போ. நான் லோரியக் கழுவிட்டு பின்னாலயே வந்துடறேன்.

— லோரி எண்ணெய் மில்லுல நிக்குது. நீங்க மோட்டர் சைக்கிள்ல வந்திருக்கீங்க. அது கெடக்கட்டும், பின்னால கட்டி வெச்சிருக்கீங்களே, அது என்ன?

— மூங்கில்.

— கண்ணு தெரியுது. எதுக்கு?

— குடிலுக்கு.

— எந்தக் குடிலு?

— கோயில்ல வைப்பாங்களே, கிறிஸ்மஸ் குடில்.

— இப்ப ஜூன் மாசம்.

— முன்கூட்டியே வெட்டிக் காயப்போட்டாத்தானே...

— இலையோடவா? அதுவும் இளந்தளிராப் பார்த்துப் பார்த்து? கொழந்தை ஏசுவுக்கு என்ன, கீரை கடையப் போறீங்களா? கோயிலுக்குப் பின்னால இருந்த மூங்கில் புதரு பாதி மொட்டை. ஆடு மேயுதுன்னு நெனச்சு ஃபாதர் வேலி போடச் சொல்லியிருக்காரு. ஆடு எதுன்னு எனக்குல்ல தெரியும்.

— ஏம்மா, ஒரு மூங்கில வெட்டுனது குத்தமா?

— குத்தம் மூங்கில்ல இல்ல. இப்படித் திரும்புங்க. தோள்பட்டையில என்ன இது?

— எது?

— முடி. செம்பட்டை முடி. முந்தாநாளு ஒண்ணு எடுத்தேன், நேத்து ரெண்டு. என் தலையில பாதி நரை, பாதி கறுப்பு. இது யாரு தலை?

— பூனையா இருக்கும்.

— நம்ம தோட்டத்துல எந்தப் பூனை சலூனுக்குப் போயி கலர் அடிச்சிக்கிட்டு வருது?

— உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்.

— கையில அந்தக் கீறலு?

— செம்பனை முள்ளு.

— முள்ளு வரிசையா அஞ்சு கோடு இழுக்குமா? நானும் பன்னெண்டு வருசம் உதிரிப்பழம் பொறுக்குனவதான். முள்ளு எப்படிக் கீறும்னு எனக்குப் பாடம் எடுக்காதீங்க.

— மவுரீன், சத்தம் போடாத... பயந்துடும்.

— எது பயந்துடும்?

— ஒண்ணுமில்ல. நான் பயந்துடுவேன்னு சொன்னேன்.

— பயப்பட வேண்டியவருதான். உங்க ஹேண்ட்போனப் பார்த்தேன்.

— என் போனை ஏன் தொட்ட?

— தொட்டதுனாலதான் தெரிஞ்சிச்சு. என்னத்தத் தேடியிருக்கீங்க? ‘கர்ப்பம் எத்தனை நாள்’. அப்புறம் ‘கர்ப்பமா இருந்தா என்ன சாப்பாடு கொடுக்கலாம்’. அம்பத்து மூணு வயசு ஆம்பள தேடற சாமானா இது?

— ஐயோ...

— வீட்டுல இருந்த ஆப்பிளு போச்சு. என் பச்சைச் சேலையும் போச்சு. கொடியில காயப்போட்ட சேலை காலு மொளைச்சா நடந்துச்சு? இருபத்தாறு வருசம் ஒரே சட்டியில சோறு தின்னோம். என் மொகத்தப் பார்த்து சொல்லுங்க. மாசமா இருக்கறவ உள்ள இருக்காளா, இல்லையா?

— ...இருக்கு.

— எந்த ஊருக்காரி?

— இமயமலை.

— என்னது?

— மிருகம், மவுரீன்! பொம்பள இல்ல, மிருகம்! அந்தோணியார் மேல சத்தியமா மிருகம்!

— புனிதரை ஏன் இதுல இழுக்கறீங்க? என்ன மிருகம்?

— சிவப்புப் பாண்டா.

— பாண்டாவா? கறுப்பும் வெள்ளையுமா கரடியாட்டம் இருக்குமே, அதையா கிராணி வீட்டுல பூட்டி வெச்சிருக்கீங்க? நல்லாக் கதை விடறீங்க.

— அது பெரிய பாண்டா, வேற ஜாதி. இது பூனைய விடக் கொஞ்சம் பெருசு, அவ்ளோதான். பாண்டாங்கற பேரே மொதல்ல இதுக்குத்தான் வெச்சாங்களாம். பெருசு பின்னால வந்து பேரைப் புடுங்கிக்கிச்சு. ரெண்டுக்கும் சொந்தபந்தமே கெடையாது.

— இதெல்லாம் உங்களுக்கு யாரு சொன்னா? செய்தித்தாளுல மரண அறிவிப்பத் தவிர எதையும் படிக்காத ஆளு நீங்க.

— ஷெல்லி சொன்னா.

— ஷெல்லியா? எம்பொண்ணும் கூட்டா?

— அவளுக்கு இங்க இருக்குன்னு தெரியாது. பேஸ்புக்ல பார்த்தேன்னு சொல்லி, இது என்னா மிருகம்னு படத்தை அனுப்புனேன். புஞ்சாக் ஆலாம்ல படிக்கிற புள்ள, கேட்டதும் கொட்டிட்டா.

— பொண்ணுகிட்டயும் பொய்யி. சரி, எப்படி வந்திச்சு இமயமலையில இருந்து? நடந்தா?

— கணேஸ்வரன் கொண்டாந்தான்.

— நெனச்சேன். லோரிக்கார கணேஸ்வரன்தானே?

— சாக்கு போட்டு மூடுன கூண்டு. ‘மூசாங்டா மச்சான், யாரோ காப்பித் தோட்டக்காரன் கேட்டிருக்கான், பத்து நாளைக்கு வெச்சிரு’ன்னான். நம்ம ஊருல மூசாங், அதான் மரநாயி, என்ன அதிசயமா? தெனமும் செம்பனைப் பழம் திங்க வருது. கூரை மேல ஓடுது. நானும் சரின்னு வாங்கி வெச்சிட்டேன்.

— சாக்கைத் தூக்கிப் பார்க்கல?

— பார்த்தேன். வாலுல வளையம் வளையமா இருந்துச்சு. மூசாங்ல இது ஒரு வகை போலன்னு நெனச்சேன். வாழப்பழம் வெச்சேன், கருவாடு வெச்சேன், சோத்தப் பெசஞ்சு வெச்சேன். ரெண்டு நாளு மோந்து கூடப் பார்க்கல. மூணாம் நாளு வாயத் தொறந்துகிட்டு மூச்சு வாங்குது. கண்ணு சொருகிப் போச்சு. அப்பத்தான் ஷெல்லிக்குப் படம் அனுப்புனேன்.

— அவ என்ன சொன்னா?

— பனி விழுற மலையில, மேகத்துக்கு உள்ளார இருக்கற ஜீவனாம். நம்ம வெயிலு அதுக்கு நெருப்பு மாதிரி. இருவத்தஞ்சு டிகிரிக்கு மேல போனா தாங்காதாம். ஓடியாந்து ஏர்கோனப் போட்டேன், மவுரீன். அந்த ரூம்புல அது எந்திரிச்சு உக்காரற வரைக்கும் நான் ஜெபமாலை சொன்னேன்.

— நம்பறதா வேணாமான்னு தெரியல. நாலு கேள்வி கேப்பேன். தடுமாறுனா பொய்யி.

— கேளு.

— என்ன நிறம்?

— முதுகு செவப்பு, வயிறும் காலும் கறுப்பு. அந்த மலை மரத்துல செவப்புப் பாசியும் வெள்ளைப் பாசியும் படர்ந்திருக்குமாம். கெளையில படுத்துக்கிச்சுன்னா பாசியோட பாசி. கீழ நின்னு பார்த்தா வயித்துக் கறுப்பு நெழலு மாதிரித் தெரியும். சிறுத்தை கூட தேடணும்.

— மூங்கில எப்படித் திங்கும்?

— அதான் அதிசயம். அஞ்சு விரலு இருக்கு, அதுக்கு மேல மணிக்கட்டு எலும்பு ஒண்ணு கட்டைவிரலு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கு. அதால தண்டைப் புடிச்சுகிட்டு ஒவ்வொரு இலையா, தளிரா பார்த்துப் பறிச்சுத் திங்குது. பாசார்ல கீரை பொறுக்கறப்ப உன் மொகம் எப்படி இருக்கும், அந்த மாதிரி.

— என்னை எதுக்கு இழுக்கறீங்க?

— ஒரு நாளைக்கு இருபதாயிரம் இலை கூடத் திங்குமாம் லா! தின்னதுல கால்வாசிதான் ஒடம்புல சேரும். அதனால திங்கறது, தூங்கறது, திங்கறது. வேற வேலையே இல்ல.

— அப்ப ஆம்பளையா இருக்கும்.

— மாசமா இருக்குன்னு சொல்றேன்!

— சரி சரி. கீறுனது ஏன்?

— என் தப்பு. புள்ள மாதிரித் தூக்கலாம்னு போனேன். தலைகீழா மரத்துல எறங்கற ஜீவன், நகத்தப் பார்க்கணுமே. அதுக்கு முன்னாடி எச்சரிக்கை கூட பண்ணுச்சு. பயந்துச்சுன்னா பின்னங்காலுல எழுந்து நின்னு ரெண்டு கையையும் மேல தூக்கும். தன்னைப் பெருசாக் காட்டிக்கிதாம். எனக்கு என்னமோ போலீசுக்கிட்ட சரணடையற மாதிரி இருந்துச்சு. பக்கத்துல போயிட்டேன். ...ஏன் சிரிக்கிற?

— சிரிக்கல. மணி என்ன?

— பன்னெண்டே கால். எதுக்கு மணி கேக்கற? என்ன அவசரம்?

— சோறு ஆறுது, அதான். உங்க போன்ல சார்ஜ் இருக்கா?

— இருக்கு. ஏன்?

— சும்மா.

— நீ சும்மா எதையும் கேக்க மாட்டியே... நீ எதையோ மறைக்கிற.

— நானா? பூட்டுப் போட்டது நீங்க, மறைக்கிறது நானா? மாசமா இருக்குன்னு எப்படிக் கண்டுபுடிச்சீங்க?

— தனியாவே சுத்தற ஜாதி. மோப்பத்துலயே பேசிக்கும். பாதத்துல இருந்து ஒரு வாசம் விட்டுட்டுப் போகும், இன்னொண்ணு வந்து நாக்கால தொட்டுப் பார்த்து யாரு வந்தா, எப்ப வந்தான்னு தெரிஞ்சுக்கும். வருசத் தொடக்கத்துல மட்டும் ஜோடி சேரும். ஜூன், ஜூலையில குட்டி. தாயி மரப்பொந்துல இலை, பாசி, புல்லு எல்லாம் இழுத்துப் போட்டுக் கூடு கட்டும். இதுவும் ஒரு வாரமா நான் போடற இலையத் திங்காம கட்டிலுக்கு அடியில இழுத்துக்கிட்டுப் போவுது. அதப் பார்த்துத்தான் போன்ல தேடுனேன்.

— அதுக்குத்தான் எஞ்சேலையா?

— மெத்துன்னு இருக்கட்டுமேன்னு... ஆனா ஒண்ணு மவுரீன். நான் வெச்சது ஒரே சேலை. நேத்து சாயந்திரம் குனிஞ்சு பார்த்தா ரெண்டு கெடக்கற மாதிரி இருந்துச்சு. எனக்குக் கண்ணு மங்கிப் போச்சு போல.

— கண்ணாடி மாத்துங்க. எத்தனை வருசமாச் சொல்றேன்.

— ஆபத்துன்னு தோணுச்சுன்னா குட்டிய வாயில கவ்விக்கிட்டு வேற பொந்துக்கு மாத்திடுமாம். ஒரு பொந்து, ரெண்டு பொந்துன்னு மாத்திக்கிட்டே இருக்கும். இங்க எங்க மாத்தும், சொல்லு? செவுத்துக்குச் செவுரு நடக்குது, மோந்து பாக்குது, திரும்பி வருது.

— கணேஸ்வரன் எப்பத் தூக்கிட்டுப் போறானாம்?

— ...இன்னிக்கு. நாலு மணிக்கு.

— எங்க?

— பாகான் நக்கோடா ஓமார். அங்கருந்து படகு. கடலுக்கு அந்தப் பக்கம் யாரோ பெரிய ஆளு வீட்டுல வளக்கப் போறானாம்.

— இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கற வயித்த, இந்த வெயில்ல, படகுலயா?

— அதான்...

— அதான் என்ன? போயி சேருமா அது?

— சேராது.

— தெரிஞ்சே கொடுக்கப் போறீங்களா?

— நான் என்ன செய்ய? தோட்டத்து வேலையில இருந்து என்னை நிப்பாட்டுனப்ப வீட்டு வாசல்ல வந்து நின்னவன் அவன் ஒருத்தன்தான். அவன் இல்லன்னா இந்த லோரி வேலை ஏது? மில்லுல மேனேஜர் கால்ல விழாத கொறையா எனக்காகப் பேசுனான்.

— அவன் செஞ்சது பெருசுதான், நான் இல்லேங்கல. அதுக்கு வயித்துப்புள்ளையோட ஒரு உசுரையா கொடுக்கணும்?

— மிருக இலாகாவுக்குச் சொல்லலாம்னு ரெண்டு தடவை போனை எடுத்தேன். எடுத்து எடுத்து வெச்சிட்டேன். கூண்டு எங்கிட்ட இருக்கு, பூட்டு என்னுது. மூசாங்னு நெனச்சேன்னு சொன்னா எவன் நம்புவான்? நேரா லோக்காப். ஷெல்லிக்கு இன்னும் ஒரு வருசம் படிப்பு இருக்கு, மவுரீன். செயிலுக்குப் போனவன் மகள்னு அவள எவனாவது...

— எங்கிட்ட ஏன் சொல்லல?

— உன் வாயில ரகசியம் நிக்காது.

— ஓ! நிக்காதோ?

— கோவிச்சுக்காத. நல்லம்மாள் மக ஓடிப்போன சேதி, அவளுக்குத் தெரியறதுக்கு முன்னாடி கம்பத்து சனம் பூராவுக்கும் தெரிஞ்சது உன்னாலதானே.

— அது வேற. ...நாலு மணிக்கு அவன் வருவான். கொடுப்பீங்களா, மாட்டீங்களா? அத மட்டும் சொல்லுங்க.

— தெரியல.

— தெரியலன்னு ஒரு பதிலு உண்டா?

— தெரியல மவுரீன்! கொடுத்தா அது சாகும். கொடுக்கலன்னா நான் உள்ள போவேன். ரெண்டுல எதச் சொல்ல... இரு, போன் அடிக்குது.

— யாரு?

— கணேஸ்வரன்.

— எடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க.

— வெளிய போயி பேசிட்டு வரேன்.

— அந்தோணிதாஸ்! இங்கயே. என் முன்னாடி.

— ஐயாவ விட்டுட்டு வெறும் பேரையே சொல்லிட்டியா... சரி. அலோ?

— அந்தோணிதாஸ்? நான்தான் கணேஸ்வரன் பேசறேன்.

— என்னடா முழுப்பேரு? மச்சான்னு கூப்புட்டு வாய் வலிச்சிருச்சா?

— அந்தோணிதாஸ், உங்கிட்ட கொடுத்த அந்த மிருகத்த இன்னிக்கு நாலு மணிக்கு எங்கிட்டக் கொடுப்பியா?

— எந்த மிருகம்? மூசாங்னு சொல்லித்தானடா கொடுத்த?

— ஆமா. மூசாங்னு பொய் சொல்லித்தான் கொடுத்தேன். அது என்னான்னு உனக்குத் தெரியாது. நான் உன்னை ஏமாத்திட்டேன்.

— கணேசா... உனக்கு ஒடம்புக்கு என்ன? குரலே ஒரு மாதிரி இருக்கு.

— நல்லாத்தான் இருக்கேன். கேட்டதுக்குப் பதில் சொல்லு. கொடுப்பியா, மாட்டியா?

— கேளு மச்சான். நீ எனக்குச் செஞ்சத நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். வேற எதக் கேட்டாலும் கொடுப்பேன். இதக் கொடுக்க மாட்டேன். அது மாசமா இருக்குடா. காட்டுல மொத்தமே பத்தாயிரத்துக்குள்ளதான் மிச்சமாம். அதுல ஒண்ண, வயித்துப்புள்ளையோட, என் கையால படகுல ஏத்த மாட்டேன்.

— யோசிச்சுத்தான் சொல்றியா?

— யோசிச்சாச்சு. இப்பவே மிருக இலாகாவுக்குப் போறேன். நீயும் வந்துடு. ரெண்டு பேரும் சேர்ந்து போயி உண்மையச் சொல்லிடுவோம். உன்னைத் தனியா விட மாட்டேன்டா.

— ...நல்லது மச்சான். அதான் நல்லது. வெச்சிடறேன்.

— அலோ? அலோ? கணேசா! ...வெச்சிட்டான். கேட்டியா மவுரீன்? திட்டுவான், கத்துவான்னு நெனச்சேன். பள்ளிக்கூடத்துல பாடம் ஒப்பிக்கிற பையனாட்டம் பேசறான்... நீ ஏன் அழுவுற?

— அழல. வேர்வை.

— இந்தா சாவி. நான் போயிட்டு வரேன். எவனாவது வந்து கேட்டா எனக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு சொல்லிடு. நான் வர வரைக்கும் அதுக்கு இலை போடு. அடியில இருக்கற தளிரை மொதல்ல போடு, முத்துன இலையத் தொடாது. கட்டிலுக்கு அடியில கைய விட்டுடாத. ஷெல்லிக்கு... ஷெல்லிக்கு நான் வந்து சொல்லிக்கறேன்.

— நீங்களே தொறங்க.

— நேரமாவுது.

— தொறங்க, சொல்றேன்ல.

— மெதுவா வா. சத்தம் போடாத... எங்க... கட்டிலுக்கு அடியில... மவுரீன்! காணோம்! கூண்டும் காணோம்! யாரோ தூக்கிட்டாங்க! பூட்டு போட்டது போட்டபடி இருக்கு, எப்படி?

— பூட்டு முன்கதவுல இருக்கு. கிராணி வீட்டுக் குளியலறைக்குப் பின்னால ஒரு சின்னக் கதவு உண்டு. கக்கூஸ் கழுவ வர்றவங்க வீட்டுக்குள்ள கால் வைக்கக் கூடாதுன்னு அந்தக் காலத்துல வெச்சது. எங்கம்மா பதினெட்டு வருசம் அது வழியாத்தான் வந்து போனாங்க. உங்களுக்கு அது தெரியாது.

— அப்ப நீ...

— நாலு நாளைக்கு முந்தி எவளோ உள்ள இருக்கான்னு தொடப்பத்தோட அது வழியா வந்தேன். நான் தொடப்பத்தத் தூக்குனேன், அது ரெண்டு கையையும் தூக்குச்சு. கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் அப்படியே நின்னோம். அன்னியிலருந்து நீங்க போனதும் நான் வந்து தண்ணி மாத்தறேன். ரெண்டாவது சேலை என்னுதுதான். ஷெல்லிகிட்டயும் எல்லாத்தையும் கேட்டுட்டேன்.

— எல்லாம் தெரிஞ்சுகிட்டா என்னை இவ்ளோ நேரம் நிக்க வெச்சு வறுத்த? உன் வாயில ரகசியம் நிக்காதுன்னு சொன்னேனே... இப்ப அது எங்க? யாரு தூக்கிட்டுப் போனா?

— காலையில எட்டு மணிக்கு மிருக இலாகாக்காரங்க. நான்தான் கூப்புட்டேன். டாக்டரம்மா வயித்தத் தடவிப் பார்த்துட்டு ரெண்டு குட்டி இருக்கும் போலன்னாங்க. குளிர் வண்டியில ஏத்துனாங்க. சேலையை விடவே இல்ல, அதோடயே அனுப்பிட்டேன்.

— அப்ப கணேஸ்வரன் நாலு மணிக்கு வந்து... இரு. அவன் ஏன் அப்படிப் பேசுனான்? மவுரீன், அவன் எங்கருந்து பேசுனான்?

— மிருக இலாகா ஆபீசுல இருந்து. உங்க போன்ல அவன் அனுப்புன சேதியப் பார்த்து நான்தான் பேரைச் சொன்னேன், பத்து மணிக்கே புடிச்சிட்டாங்க. உங்க மேல தப்பில்லன்னு அவன் அடிச்சுச் சொல்லியிருக்கான். அவங்க நம்பல. ‘பன்னெண்டரைக்குப் போன் பண்ணுவோம், உன் வீட்டுக்காரரு தன் வாயால என்ன சொல்றாருன்னு கேக்கறோம், மாட்டேன்னா சாட்சி, கொடுக்கறேன்னா கூட்டாளி, நீ முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லிக்கொடுத்தா எல்லாம் கெட்டுடும்’னாங்க. அதான் வாயக் கட்டிக்கிட்டு, போன் அடிக்கிற வரைக்கும் உங்க மனசத் திருப்பப் பார்த்தேன். இருபத்தாறு வருசத்துல நான் வெச்ச ஒரே ரகசியம் இதுதான்.